பார்க்காத இரண்டாம் பாகம்

“இந்த வீட்டுல ஒனக்கு ஒரு தடையும் இல்லம்மா. படி. வேலைக்குப் போ. காலையில எட்டு மணி வரைக்கும் தூங்கு, யாரும் கேக்க மாட்டாங்க. ஒரே ஒரு பேர மட்டும் இந்தக் கூரைக்குக் கீழ எடுக்காத.”

“எந்தப் பேரு மாமா?”

“அத நான் எப்படிச் சொல்றது? சொன்னா நானே எடுத்த மாதிரி ஆயிருமே!”

யசோதினிக்கு அன்று சிரிப்பு வந்துவிட்டது. மாமனாரின் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு வந்த வழியே திரும்பிப் போனது. ஹாலிஎலயிலிருந்து நமுனுகுல மலைத் தேயிலைத் தோட்டத்துக்கு அவள் மருமகளாக வந்து அது நாலாவது நாள். தம்பையா சொல்லாமல் விட்ட பெயர் எதுவென்று அவளுக்குத் தெரியும். நிலக்ஷனா. அவருடைய ஒரே மகள். கிறிஸ்தவ வேதக்காரப் பையன் றோயைக் கட்டிக்கொண்டு பதுளைக்குப் போனவள்.

‘அவளை வீட்டுக்குக் கூப்பிடுங்க மாமா’ என்று அன்றைக்கே சொல்ல நினைத்தாள். “சரி மாமா” என்று மட்டும் சொன்னாள். இரண்டு வருடங்கள் ஓடிவிட்டன. சொல்ல நினைத்தது இன்னும் சொல்லப்படாமலே கிடந்தது.

இந்தப் புதன்கிழமை காலை பத்து மணிக்கு அந்தப் பேச்சு ஏன் நினைவுக்கு வந்தது என்றால், லெப்டொப் மூன்றாவது தடவையாக அணைந்துபோயிருந்தது. அதைத் திருத்தத் தெரிந்த ஆட்கள் என்று அவளுக்குத் தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். அந்த இரண்டு பேரைப் பற்றியும் இந்த வீட்டில் பேசக்கூடாது.

பிற்பகல் இரண்டரை மணிக்கு லெப்டொப்பில் நேர்முகப் பரீட்சை. எழுதியும் காட்ட வேண்டும் என்பதால் போன் உதவாது. கொழும்பில் உள்ள ஒரு மொழிபெயர்ப்புக் கம்பெனி. சிங்களத்தில் வரும் அறிவித்தல்களைத் தமிழாக்கும் வேலை. வீட்டிலிருந்தே செய்யலாம். இந்த வேலை கிடைத்தால் கணவன் ரமேஸ் கொழும்பு ஹாட்வெயார் கடையை விட்டுவிட்டு ஊருக்கு வருவான். பதுளையில் குறைந்த சம்பளத்துக்கு ஒரு கடை அவனைக் கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறது. கல்யாணமாகி இரண்டு வருடத்தில் புருசனும் பெண்சாதியும் ஒன்றாக இருந்த நாட்களை ஒரு கலண்டரின் மூன்று தாள்களில் அடக்கிவிடலாம்.

நேற்றிரவு எல்லாவற்றையும் பரிசோதித்துப் பார்த்துவிட்டுத்தான் படுத்தாள். லெப்டொப் கரண்டில் பூனைக்குட்டி மாதிரி சத்தமில்லாமல் வேலை செய்தது. ஆனால் இன்று எட்டரையிலிருந்து ஐந்து வரைக்கும் கரண்ட் இல்லை, லைன் திருத்துகிறார்கள் என்று தோட்ட ஒபிஸ் பலகையில் எழுதிப் போட்டிருந்ததை அவள் பார்க்கவில்லை.

பெட்டரியில் போட்டால் பத்தே நிமிடம். அடிப்பக்கம் சுடுதண்ணிப் போத்தல் மாதிரி கொதிக்கும். படம் இழுத்து இழுத்து ஓடும். பிறகு ‘டப்’பென்று கறுப்பாகிவிடும்.

“நான் அப்பவே சொன்னேன்” என்றாள் மாமியார் ஜெயலெட்சுமி, அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து. “இந்தப் பனிக்கு அதுக்கு ஜன்னி வந்திருக்கும்.”

“ஜன்னி இல்ல மாமி. சூடு.”

“ஜன்னின்னாலும் சூடுதானே?”

போன மார்கழியில் ரமேஸின் பழைய ஜேர்சியை வெட்டி லெப்டொப்புக்கு ஒரு கம்பளி உறை தைத்துக் கொடுத்தவள் அவள்தான். அடியில் சுற்றிவர இழுத்துக் கட்டும் நாடாகூட உண்டு. மாமியார் ஆசையாகத் தைத்ததாயிற்றே என்று யசோதினியும் அந்த உறையோடே வேலை செய்துகொண்டிருந்தாள். முதல் தடவை அணைந்தபோது அதுதான் காரணம் என்று நினைத்து உறையைக் கழற்றினாள். காற்றுப் போகும் ஓட்டைகளையெல்லாம் ஜேர்சி அடைத்துக்கொண்டிருந்தது உண்மைதான். ஆனால் கழற்றிய பிறகும் பதினைந்தாவது நிமிடம் மெஷின் கண்ணை மூடிவிட்டது.

இரண்டாவது தடவை மெத்தையை விட்டு மேசைக்கு மாற்றினாள். நாலு மூலைக்கும் நாலு போத்தல் மூடி முட்டுக்கொடுத்தாள். ஜெயலெட்சுமி பக்கத்தில் நின்று சொளகால் விசிறினாள். மேசையில் இருந்த பேப்பர்கள் எல்லாம் பறந்தன. லெப்டொப் மறுபடியும் அணைந்தது.

“சத்தமே இல்லையே மாமி. உள்ள இருக்கிற பேன் சுத்தவே இல்ல” என்று காதை வைத்துக் கேட்டாள் யசோதினி. “கரண்ட்ல போட்டா சுத்துது. பெட்டரின்னா சுத்த மாட்டேங்குது.”

“ஒன் மாமா மாதிரி. ஆள் பாத்து வேல செய்யுது.”

அந்த நேரம் பார்த்து வாசலில் செருப்புச் சத்தம். தம்பையா. கரண்ட் இல்லாததால் பெக்டரியில் மெஷின்கள் ஓடவில்லை, நேரத்தோடு அனுப்பிவிட்டார்கள். முப்பது வருடமாகச் சலிப்பறையில் வேலை. காய்ந்த தேயிலையைத் தரம் பிரிக்கும் இடம் அது. அவர் வீட்டுக்குள் வந்தால் தேயிலை வாசம் முன்னால் வரும், ஆள் பின்னால் வருவார்.

“என்னா புள்ள, முகம் இப்படி இருக்கு?”

யசோதினி சொன்னாள். கண்ணில் தண்ணீர் வந்துவிடும்போல இருந்ததால் சுருக்கமாகச் சொன்னாள்.

அவர் தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினார். கையைத் துடைத்துக்கொண்டு மேசைப் பக்கம் வந்து குனிந்து பார்த்தார்.

“பெட்டரியில இருக்கிறப்பத்தான் சுத்தலையா?”

“ஆமா மாமா.”

“அப்ப அது பேனோட கோளாறு இல்ல. பெட்டரிய மிச்சம் புடிக்கிறதுக்காக பேன ஓட விடாம மெஷின மெதுவாக்குது. கொஞ்சம் ஆற வச்சுட்டு மறுபடி போடு. கண்ட்ரோல் பேனலுக்குப் போ. அங்க பவர் ஒப்சன்னு இருக்கும்.”

யசோதினி அவரை நிமிர்ந்து பார்த்தாள். ரிமோட்டில் சனல் மாற்றவே பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடுகிற மனிதர்.

“அதுக்குள்ள போய், ப்ரொசெசர்னு ஒண்ணு வரும். அதுக்குக் கீழ சிஸ்டம் கூலிங் பொலிசி. எனக்கு எழுத்துத் தெரியாது, சொல்லத்தான் தெரியும். ‘ஒன் பெட்டரி’ன்னு இங்கிலீசுல இருக்குமே, அதுக்கு நேரா என்னா போட்டிருக்கு?”

“பெசிவ்னு இருக்கு மாமா.”

“அத எக்டிவ் ஆக்கு. பெசிவ்னா சோம்பேறி. எக்டிவ்னா சுறுசுறுப்பு. அப்படித்தான். மெதுவா, மெதுவா. அவசரப்பட்டா ஸ்க்ரூ தொலையும்.”

யசோதினியின் விரல் அப்படியே நின்றது.

அவசரப்பட்டா ஸ்க்ரூ தொலையும்! இந்த வாக்கியத்தை அவள் நூறு தடவை கேட்டிருக்கிறாள். யூடியூப்பில், நிலக்ஷனாவின் வாயால். பதுளை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற றோயின் சின்னக் கடையிலிருந்து, நம்ம தோட்டத்துப் பேச்சிலேயே லெப்டொப் திருத்தச் சொல்லிக்கொடுக்கிற வீடியோக்கள். ‘வாங்க, லெப்டொப்பக் கீழ வைங்க, மொதல்ல ஒரு பிளேன்டி குடிங்க’ என்று ஆரம்பிக்கும். அடிக்கடி ‘அவசரப்பட்டா ஸ்க்ரூ தொலையும்’ வரும். அவற்றை யசோதினி பார்ப்பது ரமேசுக்கு மட்டும்தான் தெரியும். நாத்தனாரோடு வட்ஸ்அப்பில் பேசுவது ரமேசுக்குக்கூடப் பாதிதான் தெரியும்.

“இதெல்லாம் யாரு மாமா சொன்னது?” என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“பெக்டரியில பேசிக்கிட்டாங்க.”

“தேயில சலிக்கிற எடத்துலயா?”

“ஏன், தேயில சலிக்கிறவன் லெப்டொப் பத்திப் பேசக்கூடாதா?”

மாற்றியதைச் சேமித்தாள். அரை நிமிடம். உள்ளேயிருந்து விசிறி எழுந்தது. மூன்று பேர் முகத்திலும் சிரிப்பு எழுந்தது. எழுந்த வேகத்தில் விழுந்தும்விட்டது. விசிறி ‘கர்ர்ர்’ என்று மாவரைத்தது. பக்கத்து ஓட்டையில் கையை வைத்துப் பார்த்தாள் யசோதினி. சுற்றுகிறது, காற்று வரவில்லை. அடிப்பக்கம் மறுபடியும் சூடேறியது. இருபதாவது நிமிடம் திரை கறுத்தது.

மணி பதினொன்று.

“அடுத்து என்ன செய்யணும் மாமா?”

“அவ்வளவுதான். அதோட முடிஞ்சிருச்சு.”

“முடியலையே மாமா. இரண்டாம் பாகம் இருக்குதானே?”

“அத நான் பாக்கல” என்றார் தம்பையா.

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். நேரம் கடந்துவிட்டது. அடுப்படி வாசலில் அகப்பையோடு நின்ற ஜெயலெட்சுமி ஓரடி உள்ளே வந்தாள்.

“அப்ப மொதலாம் பாகம் பாத்திருக்கீங்க” என்றாள் மெதுவாக.

அவர் ஜன்னலைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டம்தான் இருந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

“செவ்வாய், வியாழன்ல இந்தப் புள்ள ஹாலிஎலைக்கு டியூசன் குடுக்கப் போகுதுல்ல. அந்த நாள்ல மெஷின பையில போட்டு எடுத்துட்டுப் போயிருவேன். ஒபிஸ் கிளார்க் துஷாந்த் தம்பி நெட் போட்டுக் குடுக்கும். பகல் சாப்பாட்டு நேரத்துல சலிக்கிற ரூம்ல ஆள் இருக்காது. சாக்கு மேல வச்சுக்கிட்டு…” குரல் தேய்ந்தது. “லெப்டொப் சூடானா என்னா செய்யணும்னு சொல்ற வீடியோதான் நீளமானது. பதினெட்டு நிமிசம் பேசும்.”

“அதுக்கு ரெண்டாம் பாகமும் இருக்கே. அத ஏன் பாக்கல?”

“அதுல அவன் கை வருது.”

றோயின் கை. நாலு வருடங்களுக்கு முன்னால் தன் தாயோடு பழத்தட்டு ஏந்தி இந்த வாசலுக்கு வந்த கை. தம்பையா நிலையில் கையூன்றி நின்றார், உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. உட்காரச் சொல்லவில்லை. தட்டை வாங்கவில்லை. வந்தவர்கள் மழையோடு திரும்பிப் போனார்கள். அடுத்த மாதம் நிலக்ஷனாவும் போய்விட்டாள்.

“எத்தன தரம் பாத்தீங்க?” என்று கேட்டாள் ஜெயலெட்சுமி.

“யாரு எண்ணுனா?”

“புருசன் பொண்டாட்டிக்குத் தெரியாம செய்ற வேலையப் பாரு!”

“ஏன், நீ மட்டும்? சீனி கிளினிக், சீனி கிளினிக்னு பதுளைக்குப் போறியே, எந்த ஆஸ்பத்திரியில மாசத்துக்கு ரெண்டு தரம் சீனி பாக்குறாங்க? வரும்போது ஒரு தரமாவது மருந்து கொண்டாந்திருக்கியா? பேக்கரிப் பாண்தான் கொண்டாருவ. அதுவும் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால இருக்கிற கடைப் பாண்!”

ஜெயலெட்சுமி அகப்பையை வெறுமனே பார்த்தாள். யசோதினியால் அடக்க முடியவில்லை. பொத்திய கைக்குள்ளிருந்து சிரிப்பு பீறிட்டது. ஒரே கூரைக்குக் கீழே மூன்று பேர், ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர், அந்த ஒரே பேரைச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறார்கள்!

ஆனால் சிரிக்க நேரமில்லை.

போனில் இரண்டாம் பாகத்தைப் போட்டாள். தம்பையா எழுந்து போவார் என்று நினைத்தாள். போகவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார், காது மட்டும் இங்கே. ‘வாங்க, மொதலாம் பாகத்துல சொன்னதச் செஞ்சும் சூடு கொறையலயா? அப்ப உள்ள தூசி அடைஞ்சிருக்கு. பயப்படாதீங்க. இன்னைக்கு என் வீட்டுக்காரர் கழட்டுவாரு, நான் பேசுவேன். எங்க வீட்டுல எப்பவுமே அப்படித்தான்’ என்றது போன். ஒரு நட்சத்திர ஸ்க்ரூ டிரைவர் வேண்டும் என்றும் சொன்னது. சின்னது, கண்ணாடிக் கடைக்காரர் வைத்திருப்பது மாதிரி.

“பெக்டரி எலெக்ட்ரீசியன்கிட்ட இருக்கு” என்று தொப்பியை எடுத்தார் தம்பையா. ஐம்பத்தெட்டு வயதில் அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை. அன்று பன்னிரண்டாம் நம்பர் தேயிலை மலைக் குறுக்குப் பாதையில் ஓடினார். அரை மணி நேரத்தில் மூச்சிரைக்கத் திரும்பிவந்து, சட்டைப் பையிலிருந்து அதை எடுத்து மேசையில் வைத்தார்.

பத்து ஸ்க்ரூ. ஒவ்வொன்றையும் பிளேன்டிக் கோப்பைக்குள் போட்டாள் யசோதினி. அடி மூடியை மெதுவாக நெம்பித் தூக்கினாள்.

கறுப்புத் தூசியை எதிர்பார்த்துத்தான் குனிந்தாள். வீடியோவில் அப்படித்தான் இருந்தது. இங்கே இருந்தது வேறு. விசிறிக்கும் அதன் பக்கத்துத் தகட்டுக்கும் இடையில் பொன் நிறத்தில், பட்டுப்போல மெல்லிய பஞ்சு, ஒரு விரல் தடிப்பில் மெத்தையாய்ப் படிந்திருந்தது.

“இது என்ன மாமி? ஜேர்சி நூலா?”

ஜெயலெட்சுமி கிள்ளி எடுத்து விரலில் தேய்த்தாள். முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“தேயிலப் பஞ்சு. சலிக்கிறப்ப பறக்கிறது. முப்பது வருசமா ஒன் மாமா சட்டையில இருந்து நான் அலசி ஊத்துறது இதத்தான்.”

தம்பையா கிட்ட வந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தப் பஞ்சு அவருக்குத் தெரியாததா? பகல் வேளைகளில் மெஷின்கள் நின்ற பிறகும் ஜன்னல் வெளிச்சத்தில் மிதந்துகொண்டே இருக்கும். அதற்குக் கீழே சாக்கில் உட்கார்ந்து மகளின் குரலைக் கேட்ட ஒவ்வொரு நாளும், மெஷின் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுத்திருக்கிறது.

“நான்தான் கெடுத்துட்டேனா?” என்றார்.

“இல்ல மாமா…”

“ஒன் வேலைய நான் கெடுத்துட்டேன் புள்ள.” அவர் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். “ரமேஸ் வருவான்னு நீ எவ்வளவு…”

“மாமா, இப்ப அழ நேரமில்ல. மணி பன்னிரண்டே கால். லைட்டப் புடிங்க.”

அவள் குரலில் இருந்த அதிகாரம் அவளுக்கே புதிது. அவர் எழுந்து டோர்ச்சை எடுத்துக்கொண்டார்.

ஆனால் அடுத்த இடத்தில் சிக்கிக்கொண்டது. கை வைப்பதற்கு முன்னால் பெட்டரி வயரைக் கழற்ற வேண்டும் என்றது வீடியோ. அதில் இருந்த லெப்டொப்பில் வயர் நேராக வெளியே வந்தது. இதில் அப்படி இல்லை. ஏதோ சின்னக் கம்பி வளையம் குறுக்கே கிடந்தது. இழுத்தால் உடைந்துவிடுமோ? யசோதினி விரலை எடுத்துக்கொண்டாள்.

போனைக் கையில் எடுத்தாள். மாமனாரின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

“மாமா, நான் ஒரு பேரச் சொல்லிக் கூப்பிடப்போறேன்.”

அவர் மறுக்கவில்லை. தலையையும் ஆட்டவில்லை. டோர்ச்சைக் கொஞ்சம் கிட்டக் கொண்டுவந்தார், அவ்வளவுதான்.

வீடியோ கோல் இரண்டாவது மணியிலேயே எடுபட்டது.

“என்னா அண்ணி, இந்த நேரத்துல? இன்டவியூ இன்னைக்குத்தானே?”

“நிலா, மெஷினக் கழட்டி வச்சிருக்கேன். பெட்டரி வயரக் கழட்டத் தெரியல. பாரு.”

கமராவைத் திருப்பினாள். பச்சை நிறச் சில்லுகள், பொன் நிறப் பஞ்சு, அதன் மேல் டோர்ச் வெளிச்சம், டோர்ச்சைப் பிடித்திருந்த ஒரு கை. முப்பது வருடத் தேயிலைக் கறை ஏறிய நகங்கள். பெருவிரலில் பழைய வெட்டுத் தழும்பு.

“நிலா? லைன் இருக்கா?”

“இருக்கு அண்ணி.” குரல் வேறாகியிருந்தது. ஒரு தடவை செருமினாள். “அண்ணி, லைட் புடிக்கிறவங்களக் கைய கொஞ்சம் மேல தூக்கச் சொல்லுங்க.”

யசோதினி சொல்ல வேண்டியிருக்கவில்லை. கை மேலே போனது.

“இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்.”

கை இடப்பக்கம் போனது.

“அப்படித்தான். அப்படியே வச்சிருக்கச் சொல்லுங்க. கை வலிச்சா மாத்திக்கச் சொல்லுங்க அண்ணி.”

“வலிக்கல” என்றார் தம்பையா, டோர்ச்சைப் பார்த்து.

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு ஓர் ஆண் குரல். “நான் றோய் பேசுறேன் அக்கா. நிலா கொஞ்சம்… தண்ணி குடிக்கப் போயிருக்கா. அந்தக் கம்பி வளையத்த நகத்தால மேல நிமித்துங்க. இழுக்க வேணாம். நிமித்துனா தானா கழண்டு வரும். மாமா, வெளிச்சம் சரியா இருக்கு, அசைச்சிராதீங்க.”

மாமா! அந்தச் சொல் அறைக்குள் வந்து விழுந்தது. டோர்ச் வெளிச்சம் ஒரு தரம் ஆடியது. பிறகு அசையாமல் நின்றது.

வளையம் நிமிர்ந்தது. வயர் கழன்றது. விசிறி சுற்றிவிடாமல் ஓர் ஈர்க்கைக் குறுக்கே கொடுக்கச் சொன்னான் றோய். ஜெயலெட்சுமி விளக்குமாற்றிலிருந்து ஒன்றை உருவிக் கொடுத்தாள். தம்பையாவின் சவர பிரஷ் தூசி தட்டியது. மெத்தை மெத்தையாகப் பஞ்சு வந்தது. “இவ்வளவு தேயிலைய நான் ஒரு மெஷின்லயும் பாத்ததில்ல. இத வித்தாலே ஒரு பக்கட் வருமே!” என்றான் றோய். யசோதினி சிரித்தாள். மாமியார் சிரித்தாள். தம்பையா சிரிக்கவில்லை. ஆனால் மீசை ஒரு பக்கம் ஏறியது.

எல்லாவற்றையும் திரும்ப மூட்டி, பத்து ஸ்க்ரூவில் ஒன்பதைப் போட்டார்கள். பத்தாவதைக் காணவில்லை.

“அவசரப்பட்டா…” என்று போனுக்குள்ளிருந்து நிலக்ஷனா ஆரம்பித்தாள்.

“தெரியும்!” என்றார்கள் மூன்று பேரும்.

ஒரு மணி நாற்பதுக்கு லெப்டொப் எழுந்தது. விசிறி மெல்ல எழும்பி, மாவரைக்காமல், பக்கத்து ஓட்டையால் வெதுவெதுப்பான காற்றை ஊதியது. யசோதினி கையை அங்கேயே வைத்துக்கொண்டு நின்றாள். தேயிலை வாசம் வந்தது. பெட்டரி நூற்றுக்கு அறுபத்திநாலு வீதம். போதும்.

இரண்டரைக்குத் திரையில் இரண்டு பேர் வந்தார்கள். ஒரு மேடம், ஒரு ஐயா. மண்சரிவு எச்சரிக்கை அறிவித்தல் ஒன்றைச் சிங்களத்தில் கொடுத்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே தமிழாக்கச் சொன்னார்கள். யசோதினி யோசிக்கவில்லை. பெரட்டுக்களத்தில் நின்று காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெண்களுக்கு ஒரே வாசிப்பில் விளங்க வேண்டும் என்று மட்டும் நினைத்து எழுதினாள். “சுத்தமா இருக்கு” என்றார் மேடம். “எங்கட ஆக்கள் எழுதினா நாலு தரம் வாசிக்க வேணும். அது சரி, உங்கட இடத்துல கரண்ட் இல்லாட்டி என்ன செய்வீங்க?”

“இன்னைக்கு இங்க கரண்ட் இல்ல மேடம். காலையில இருந்தே இல்ல.”

இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். ஐயா எதையோ எழுதிக்கொண்டார்.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் கடைசிக் கேள்வி வந்தது. முதல் ஆறு மாதமும் கொழும்பு ஒபிசுக்கு வந்து பழக வேண்டியிருக்கலாம், வர முடியுமா? ரமேஸ் ஊருக்கு வரும் நேரத்தில் அவள் கொழும்புக்குப் போவதா! “வீட்டுல பேசிட்டுச் சொல்றேன்” என்றாள். வெள்ளிக்கிழமைக்குள் சொல்லச் சொன்னார்கள். முப்பத்தைந்து நிமிடம். மெஷின் ஒரு தடவைகூட மூச்சுத் திணறவில்லை.

லெப்டொப்பை மூடிவிட்டு வெளியே வந்தாள். மாமனார் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். அந்த முப்பத்தைந்து நிமிடமும் லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகள் வாசல் பக்கம் வந்து சத்தம் போடாமல் காவல் இருந்திருக்கிறார்.

“என்னா சொன்னாங்க?”

“நல்லதுதான் சொன்னாங்க மாமா. ஒரு சிக்கல் இருக்கு. ரமேஸோட பேசணும்.”

“சிக்கல் இருந்தா அவுத்துக்கலாம். வேலைய நான் கெடுக்கல இல்ல?”

“இல்ல மாமா. நீங்க அந்த எக்டிவ் சொல்லலைன்னா நான் காலையிலயே அழுது முடிச்சிருப்பேன்.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பனிமூட்டம் விலகி நமுனுகுல உச்சி வெளியே வந்திருந்தது. இப்போது சொல்லலாம் என்று யசோதினிக்குத் தோன்றியது. இரண்டு வருடமாகச் சொல்ல நினைத்தது. ‘மாமா, அவளை வீட்டுக்கு…’

போன் அடித்தது. றோய்.

“அக்கா, மெஷின் தாக்குப் புடிச்சிச்சா? நிலா இங்க நகத்தக் கடிச்சுக்கிட்டே இருக்கா.”

“நல்லா ஓடிச்சு தம்பி. ரெண்டு பேருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னே…”

தம்பையா எழுந்து நின்றிருந்தார். கையை நீட்டியிருந்தார்.

“குடும்மா.”

யசோதினி கொடுத்தாள். உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. ஈரக் கையோடு ஜெயலெட்சுமி வாசலுக்கு வந்தாள்.

“தம்பி, நான் நிலாவோட அப்பா பேசுறேன்” என்றார் தம்பையா, மலைக்கு அந்தப் பக்கம் இருப்பவனுக்குக் கேட்கும்படி சத்தமாக.

“சொல்லுங்க மாமா.”

“அன்னைக்கு நீங்களும் ஒங்க அம்மாவும் எங்க வாசல்ல வந்து நின்னீங்க. நான் உக்காருங்கன்னு ஒரு வார்த்த சொல்லல.”

“அது முடிஞ்ச கத மாமா.”

“ஒங்களுக்கு முடிஞ்சிருக்கும். எனக்கு முடியல.” மனைவியைப் பார்த்தார். மருமகளைப் பார்த்தார். “இத்தன நாளா கேக்கணும்னு நெனச்சு, கேக்க வாய் வரல. எங்க வீட்டுக்கு வாங்கன்னு கூப்பிட எனக்கு மொகம் இல்ல தம்பி. அதனால வேற மாதிரி கேக்குறேன். மாட்டேன்னாலும் சொல்லுங்க, நான் கோவிச்சுக்க மாட்டேன்.”

தம்பையா போனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டார்.

“வர்ற ஞாயித்துக்கெழம, நீங்க கோயிலுக்குப் போயிட்டு வந்த பொறகு, நானும் என் பொண்டாட்டியும் ஒங்க வீட்டுக்கு வரலாமா?”